மூக்குச் சக்கரமா, வால் சக்கரமா: தண்டையார்பேட்டைப் பட்டறையில் ஒரு சோதனை

எங்கள் லேத் பட்டறை இருக்கும் தண்டையார்பேட்டைத் தெருவில் விடியற்காலையிலேயே காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டிகள் வரத் தொடங்கிவிடும். முன்னால் பலகைக்குக் கீழே இரண்டு சக்கரம், பின்னால் ஓட்டுபவருக்குக் கீழே ஒற்றைச் சக்கரம். அதே தெருவில் போகும் ஆட்டோவுக்கு ஒற்றைச் சக்கரம் முன்னால், இரட்டைச் சக்கரம் பின்னால். வீட்டில் கட்டும் சிறு விமானத்துக்கு எந்தச் சக்கர அமைப்பு ஏற்றது என்ற கேள்வி எங்கள் பட்டறைக்குள் வந்தபோது, விமானப் பொறியியல் படிக்கும் என் அக்கா மகனுக்கு நான் முதலில் காட்டியது இந்த இரண்டு வண்டிகளைத்தான். மீன்பாடி வண்டிபோல் ஒற்றைச் சக்கரம் பின்னால் இருந்தால் அது வால் சக்கர விமானம், ஆட்டோபோல் முன்னால் இருந்தால் மூக்குச் சக்கர விமானம். மீன் கூடைகள் எல்லாம் முன்பலகையில் இருக்க, பின்சக்கரத்தில் பாரம் குறைந்த மீன்பாடி வண்டி ஈரத் தரையில் திரும்பும்போது அதன் பின்பகுதி வெளிப்பக்கமாக வழுக்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு, வால் சக்கர விமானத்தின் அடிப்படைச் சிக்கல் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதியை எடை மையம் விளக்குகிறது. வால் சக்கர விமானத்தில் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கும் இரண்டு பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் எடை மையம் இருக்கிறது. விமானம் சற்றே கோணலாகத் தரையைத் தொட்டால், சக்கரங்கள் தரையைப் பற்றி வேகத்தைத் தடுக்க, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எடையோ பழைய திசையிலேயே போக முயன்று, வாலை மேலும் பக்கவாட்டில் தள்ளுகிறது; கோணல் கூடக் கூடத் தள்ளும் விசையும் கூடுகிறது. விமானிகள் கிரவுண்டு லூப் என்று சொல்லும் சுழற்சி இதுதான். மூக்குச் சக்கர விமானத்தில் எடை மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், அதே விசை கோணலைத் தானாகவே நிமிர்த்துகிறது. புத்தகத்தில் இதை இரண்டு படங்களில் விளக்கிவிடலாம். ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டது வேறு: எங்கள் கையால் செய்த சக்கரக் கால்களும் எங்கள் அலைன்மென்ட்டும் எங்கள் ஊர்த் தரையும் சேரும்போது எது எங்கே தவறும் என்று கண்ணால் பார்க்க விரும்பினோம்.

மருமகன் திட்டமிட்டிருப்பது ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ள ஒற்றை இருக்கை விமானம். அதைப் பறக்கவிட விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் முறையான அனுமதி வேண்டும். அது தனிப்பாதை, இந்தப் பதிவு தரையில் ஓடுவதைப் பற்றி மட்டுமே. முழு அளவில் இறங்குவதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு அளவில் ஓர் ஓட்டச் சட்டகம் செய்தோம். நீளம் மூன்றில் ஒரு பங்கானால் எடை இருபத்தேழில் ஒரு பங்காகும் என்பதால் சட்டகத்தின் எடை 10 கிலோ. வேகத்தை மூன்றால் வகுக்கக் கூடாது, மூன்றின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஆகவே மணிக்கு 65 கிலோமீட்டரில் தரையைத் தொடும் விமானத்துக்கு ஈடான வேகம் சுமார் 37 கிலோமீட்டர். இறக்கை வைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் குறுக்கே ஓர் அலுமினியக் குழாயைப் பொருத்தி இரு முனைகளிலும் ஈயக் கட்டிகளைக் கட்டினோம், ஏனென்றால் விமானம் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கும்போது அதை மெதுவாக்குவதும், திரும்பிய பின் நிறுத்த விடாமல் இழுத்துப் போவதும் இறக்கையின் எடைப் பரவல்தான். வாலில் நிற்கும் துடுப்பும், அதில் ரேடியோ கட்டுப்பாட்டில் அசையும் சுக்கானும் உண்டு. தூக்குவிசை இல்லாததால் சக்கரங்களின் மேல் உண்மையைவிடக் கூடுதல் பாரம் இருக்கும். இந்தக் குறையை ஏற்றுக்கொண்டுதான் முடிவுகளைப் படித்தோம்.

கால்களுக்குப் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் 50 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் கொண்ட அலுமினியக் கலவைப் பட்டையை வாங்கினோம். ஒரே பட்டையை வில்போல் வளைத்து இரண்டு கால்களாக்கும் முறை ஸ்டீவ் விட்மன் என்ற அமெரிக்கர் எஃகில் செய்து காட்டி, பின்னர் செஸ்னா விமானங்களில் பரவிய முறையின் வழிவந்தது. தேய்ந்துபோக அதில் எதுவும் இல்லை, எண்ணெய் கசிய எதுவும் இல்லை. எங்கள் முதல் பட்டையை வைஸில் பிடித்து, அதன் தாடையின் கூரான விளிம்பின் மேலேயே வளைத்துவிட்டேன். வளைந்தது, அழகாகவும் இருந்தது. மறுநாள் காலை வெயிலில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது வளைவின் வெளிப்புறத்தில் தலைமுடி அகலத்தில் ஒரு கோடு, பட்டையின் குறுக்கே விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. கடினப்படுத்திய அலுமினியத்தைக் கனத்தைப் போலப் பல மடங்கு ஆரம் கொடுத்துத்தான் வளைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். அவசரம் அதை மறக்கச் செய்தது. இரண்டாவது பட்டையை 40 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளையின் மேல், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வளைத்தேன். சக்கரங்களாக டிராலிக்கு விற்கும் 125 மில்லிமீட்டர் ரப்பர் சக்கரங்களை எடுத்து, அவற்றின் புஷ்ஷைக் கழற்றிவிட்டு பேரிங் பொருத்தினோம்.

முதலில் வால் சக்கர அமைப்பு. உடல் தரைக்கு இணையாக இருக்கும் நிலையில் எடை மையம் தரையிலிருந்து 350 மில்லிமீட்டர் உயரத்திலும், பெரிய சக்கரங்களின் அச்சுக்கு 107 மில்லிமீட்டர் பின்னாலும் வரும்படி வைத்தோம். செங்குத்துக் கோட்டிலிருந்து இது 17 பாகைச் சாய்வு. வாலை இறக்கி மூன்று சக்கரமும் தரையில் நிற்கும்போது உடல் 12 பாகை நிமிர்கிறது, எடை மையம் அச்சுக்கு 177 மில்லிமீட்டர் பின்னால் போய்விடுகிறது, மளிகைத் தராசில் வால் சக்கரம் ஒன்றேகால் கிலோவைக் காட்டியது. சட்டகத்தை ஒரு பலகையின் மேல் சக்கரங்களுக்கு முன் கட்டை கொடுத்து நிறுத்தி, பலகையின் பின்முனையைத் தூக்கிக்கொண்டே போய் எப்போது வால் எழுகிறது என்று கோணமானியால் பார்த்தோம். 28க்கும் 29க்கும் இடையில் எழுந்தது. வாலை உயர்த்திப் பிடித்த நிலையிலோ 17 பாகையே போதும். இதை பிரேக்கின் மொழியில் சொன்னால், வால் தரையில் இருக்கும்போது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு வேகத்தடுப்பைத் தாங்கும் விமானம், வால் உயர்ந்து ஓடும்போது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு தடுப்புக்கே மூக்குக் குத்தி நின்றுவிடும். வால் சக்கர விமானம் ஓட்டுபவர்கள் பிரேக் பிடிக்கும் முன் கட்டுப்பாட்டுத் தடியை வயிற்றோடு இழுத்து வாலைத் தரையிலேயே அழுத்திப் பிடிக்கச் சொல்வதன் காரணத்தை என் மருமகன் அந்தப் பலகையின் முன்தான் முழுமையாக உணர்ந்தான்.

எண்ணூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் சரக்குக் கிடங்கு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓட்ட இடம் கிடைத்தது. வடக்கு தெற்காக நீண்ட காங்கிரீட் தரை, அதன் கிழக்கு ஓரத்தில் மணல். சட்டகத்தை ஸ்கூட்டரின் பின்னால் கயிற்றால் இழுத்து, வேகம் வந்ததும் கொக்கியை விடுவிப்பது ஏற்பாடு. முதல் ஓட்டத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் விடுவித்தோம். நான்கைந்து மீட்டர் நேராகப் போன சட்டகம், சுக்கானைத் தொடுவதற்குள் இடப்பக்கம் சுழன்று, வலது ஈய முனை தரையில் உரசிப் பொறி கிளப்பியபடி முழு வட்டம் அடித்து நின்றது. இரண்டாவது ஓட்டத்தில் வலப்பக்கம். மூன்றாவதில் மறுபடி இடப்பக்கம். ஒரே பக்கமாகச் சுழன்றிருந்தால் ஏதோ ஒரு சக்கரம் பிடிக்கிறது என்று எண்ணியிருப்பேன். இரு பக்கமும் மாறி மாறிச் சுழன்றதால் சந்தேகம் அலைன்மென்ட்டின் மேல் விழுந்தது.

இங்கேதான் எங்கள் நேரத்தின் பெரும்பகுதி போனது. செய்ய நினைப்பவர்களுக்கும் இதையே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பட்டறை மேசையில் சட்டகத்தைத் தலைகீழாக வைத்து நான் பார்த்தபோது இரு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தன. தவறு என்னவென்றால், சக்கரம் வேலை செய்வது பாரத்தின் கீழ், தலைகீழாக அல்ல. ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே இரண்டிரண்டு தகரத் தகடுகளை, இடையில் தாராளமாகக் கிரீஸ் தடவி வைத்து, முழு எடையோடு சட்டகத்தை இறக்கி, நாலைந்து முறை அழுத்தி விட்டோம். தகடுகள் வழுக்கிக் கால்கள் தம் இயல்பான இடத்துக்குப் பரந்து நின்றன. பிறகு சக்கரங்களின் முன்னால் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை வைத்து, உடலின் முன்முனையிலும் பின்முனையிலும் தூக்குக்குண்டு விட்டு வரைந்த நடுக்கோட்டுக்கு அது சரியான செங்குத்தில் இருக்கும்படி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்தையும் மூலைமட்டத்தால் ஒப்பிட்டோம். இடது சக்கரம் 2 பாகையும் வலது சக்கரம் ஒன்றரைப் பாகையும் உள்நோக்கித் திரும்பியிருந்தன. பட்டையை வளைத்தபோது வளைவுக்கோடு பட்டையின் நீளத்துக்குச் சரியான செங்குத்தில் விழாமல் சற்றுச் சாய்ந்திருக்கிறது. அதனால் கால் பாரத்தில் விரியும்போதெல்லாம் கூடவே முறுக்கிக்கொள்கிறது.

சக்கரங்கள் உள்நோக்கி இருப்பது காருக்கு நன்மை என்பதால் பலர் இங்கும் அதை நன்மை என்றே எண்ணுகிறார்கள். வால் சக்கர விமானத்தில் அது எதிரி. விமானம் இடப்பக்கம் திரும்பத் தொடங்கினால் பாரம் வெளிப்பக்கமான வலது சக்கரத்தின் மேல் விழுகிறது. அந்தச் சக்கரம் உள்நோக்கி, அதாவது இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பதால், தொடங்கிய சுழற்சிக்குத் துணை போகிறது. சக்கரங்கள் இணையாகவோ மிகச் சிறிதளவு வெளிநோக்கியோ இருந்தால் பாரம் ஏறிய சக்கரம் சுழற்சியை எதிர்க்கும். அச்சுக்கும் காலுக்கும் நடுவே வைக்க, ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் ஆப்பு வடிவத் தகடுகளை அரத்தால் அராவிச் செய்தேன். இடப்பக்கத் தகடு மட்டும் நான்காவது முயற்சியில்தான் சரியாக அமைந்தது. கடைசியில் இரண்டும் அரைப் பாகை வெளிநோக்கி நின்றன. அடுத்த ஞாயிறு அதே 25 கிலோமீட்டரில் விட்டபோது சட்டகம் முப்பது மீட்டருக்கு மேல் நேராக ஓடியது. 37 கிலோமீட்டரிலும், மருமகன் சுக்கானைச் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே இருந்தவரை, நேராக ஓடியது. வேகம் குறைந்து சுக்கானில் காற்றின் பிடி தளரும் கடைசிக் கட்டத்தில்தான் அவன் விரல்கள் அதிகம் உழைத்தன.

பத்து மணிக்கு மேல் காற்று மாறியது. வடசென்னையில் வேலை செய்பவர்களுக்குக் கடிகாரம் இல்லாமலே தெரியும் மாற்றம் இது: விடியலில் தரையிலிருந்து வீசும் மேல்காற்று அடங்கி, வெயில் ஏறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழைகிறது. எங்கள் முற்றம் வடக்கு தெற்கு என்பதால் அது முழுக் குறுக்குக் காற்று. வாலில் நிற்கும் துடுப்பு காற்றுக் காட்டியைப் போல மூக்கைக் கடல் பக்கம் திருப்பியது. காலையில் ஆறு ஓட்டங்களில் ஒன்றுகூடச் சுழலாத வால் சக்கரச் சட்டகம், கடற்காற்றில் ஐந்து ஓட்டங்களில் மூன்றில் சுழன்றது. அலைன்மென்ட் சரியாக இருந்தும் சுழன்றது. இந்த மூன்று ஓட்டங்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூக்குச் சக்கர அமைப்புக்கு அதே பட்டைக் காலை உடலில் பின்னால் நகர்த்தினோம். எடை மையம் இப்போது பெரிய சக்கரங்களுக்கு 90 மில்லிமீட்டர் முன்னால், 330 மில்லிமீட்டர் உயரத்தில். மூக்குச் சக்கரத்துக்கும் பெரிய சக்கரங்களுக்கும் இடைவெளி 600 மில்லிமீட்டர். மூக்கின் மேல் ஒன்றரைக் கிலோ பாரம். தானாகத் திரும்பும் சுழல் சக்கரம், 80 மில்லிமீட்டர் விட்டம், எஃகுக் கம்பிக் கால். முதல் ஓட்டத்திலேயே அது கோடு போட்டதுபோல் ஓடியது. சுக்கானைத் தொடாமல் விட்டுப் பார்த்தோம், அப்படியும் ஓடியது. கொக்கியை விடுவிக்கும்போது வேண்டுமென்றே பக்கவாட்டில் ஓர் இழுப்புக் கொடுத்தும் பார்த்தோம். ஒருமுறை ஆடிவிட்டு நிமிர்ந்துகொண்டது. கடற்காற்றிலும் சுழலவில்லை, காற்றுப் பக்கம் சாய்ந்து போனதோடு சரி.

ஆனால் 20 கிலோமீட்டரைத் தாண்டும்போது மூக்குச் சக்கரம் பழைய டிராலியின் முன்சக்கரம்போல் படபடவென்று நடுங்கத் தொடங்கியது. திரும்பும் அச்சில் உராய்வு போதாததே காரணம். கிண்ண வடிவ வாஷர்களை எதிரெதிராக அடுக்கி நட்டை இறுக்கி, சக்கரத்தைத் தாங்கும் கவட்டையின் முனையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கிபோட்டு இழுத்து, 400 கிராமில்தான் சக்கரம் திரும்பத் தொடங்கும் அளவுக்கு வைத்தபின் நடுக்கம் அடங்கியது. இறுக்கத்தைக் கையுணர்வில் விடக் கூடாது, தராசில் பார்க்க வேண்டும். பத்து ஓட்டம் கழித்துப் பார்த்தபோது அது 250 கிராமுக்கு இறங்கியிருந்தது.

மணலில் விட்ட நாளில் இந்த அமைப்பின் மறுபக்கம் தெரிந்தது. காங்கிரீட்டிலிருந்து மணலுக்குள் நுழைந்த வால் சக்கரச் சட்டகம் முன்னர் வேகம் குறைந்து அமைதியாக நின்றிருந்தது. மூக்குச் சக்கரச் சட்டகம் நுழைந்ததும் சிறிய முன்சக்கரம் புதைய, கவட்டையின் முன்விளிம்பு மணலைக் கலப்பைபோல் உழ, கம்பிக் கால் பின்னோக்கி மடங்க, சட்டகம் அப்படியே முன்புறமாகப் புரண்டு முதுகில் விழுந்தது. கைபேசிப் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்ததில், சக்கரம் நின்றபோது கவிழவில்லை, கவட்டை தரையைத் தொட்ட பிறகே கவிழ்ந்தது என்று தெளிவாகத் தெரிந்தது. கவட்டைக்கும் தரைக்கும் நாங்கள் விட்டிருந்த இடைவெளி 12 மில்லிமீட்டர்தான். உலகெங்கும் வீடுகளில் கட்டப்படும் ஆர்வி வரிசை விமானங்களின் மூக்குச் சக்கர வகைகளிலும் மண்தரையில் இப்படி முன்கால் மடங்கிய விபத்துகள் நடந்து, பின்னர் கவட்டை உயர்த்தி வடிவமைக்கப்பட்டது. கணக்கும் அதையே சொல்கிறது: புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு வேகத்தடுப்பு வந்தால் எங்கள் மூக்கின் ஒன்றரைக் கிலோ பாரம் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். வால் சக்கர விமானத்தை மூக்குக் குத்த வைக்கும் அதே அளவு தடுப்பு, இங்கே முன்காலின் பாரத்தை இரட்டிப்பாக்குகிறது. சக்கரத்தை 110 மில்லிமீட்டராகவும் கவட்டை இடைவெளியை 30 மில்லிமீட்டராகவும் மாற்றி, காலைத் தடித்த கம்பியில் செய்தபின் மணலில் மூன்று முறை விட்டோம். மூன்று முறையும் புதைந்து நின்றதே தவிரப் புரளவில்லை. இந்த வலுவுக்கு விலை எடை: வால் சக்கரத் தொகுதி 140 கிராம், திருத்திய மூக்குச் சக்கரத் தொகுதி 520 கிராம்.

ஒரு காலத்தில் வால் சக்கரமே எங்கும் இருந்ததற்குக் காரணம் அன்றைய விமானத் தளங்கள். புல்வெளியாக விரிந்த திடலில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதற்கு நேரெதிராக இறங்கிக்கொள்ளலாம், குறுக்குக் காற்று என்ற பேச்சே குறைவு. ஒரே திசையில் நீண்ட தார் ஓடுதளங்கள் வந்தபின் குறுக்குக் காற்று அன்றாடமானது. 1934இல் ஃபிரெட் வைக் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் சோதனை விமானத்திலும், 1937இல் பறந்த எர்கூப் என்ற சிறு விமானத்திலும் மூக்குச் சக்கரத்தைக் கொண்டுவந்தார். 1951இல் மூக்குச் சக்கரத்தோடு பைப்பர் டிரை-பேசர் விமானம் வந்தது. செஸ்னா 170இன் வால் சக்கரம் 1956இல் விற்பனைக்கு வந்த 172இல் மூக்குக்கு மாறியது. நம் நாட்டிலும் 1958இல் முதன்முதலாகப் பறந்து பறத்தல் மன்றங்களில் பலருக்குக் கற்றுக்கொடுத்த புஷ்பக் வால் சக்கர விமானம். 1990களில் பெங்களூரில் உருவான ஹன்சா மூக்குச் சக்கர விமானம். 1910இலேயே இங்கே ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் வடிவமைத்து, சிம்சன் பட்டறையில் கட்டப்பட்ட விமானம் ஓடிய ஊர் இது என்பதையும் வேலையின் நடுவே நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எடை, செலவு, லேத்தில் செய்யும் எளிமை, புரொப்பல்லருக்கும் தரைக்கும் கிடைக்கும் தாராளமான இடைவெளி ஆகியவற்றை மட்டும் பார்த்தால் என் மனம் வால் சக்கரத்தின் பக்கம்தான் நிற்கிறது. கைவினையாகவும் அதுதான் அழகு. ஆனால் உட்காரப் போகிறவன் மருமகன். அவன் கற்கப் போவது மூக்குச் சக்கரப் பயிற்சி விமானத்தில். அவன் இறங்கப் போவது கடற்கரை மாவட்டத்தின் பிற்பகல் காற்றில். சுக்கானைப் பாதத்தால் மிதித்து ஓட்ட வால் சக்கரம் கேட்கும் பழக்கத்தைத் தனியாகக் கற்றுத்தரும் ஆசிரியர் கிடைக்காத நிலையில், ஐந்தில் மூன்று முறை சுழன்ற ஓர் அமைப்பை அவனுக்குச் செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் முழு அளவுக்கு மூக்குச் சக்கரத்தையே எடுத்திருக்கிறோம். மெயின் காலைப் பொருத்தும் தாங்கிகளை மட்டும் உடற்சட்டத்தில் எடை மையத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் வெல்டிங் செய்கிறோம். அதனால் கூடும் எடை இரண்டு கிலோவுக்குள் அடங்கும், பின்னாளில் அவன் வால் சக்கரம் பழகினால் காலை முன்னே நகர்த்திக்கொள்ளலாம்.

முழு அளவு முன்காலின் கவட்டை இப்போது வைஸில் இருக்கிறது. தரை இடைவெளியை 90 மில்லிமீட்டராக வரைந்து, அச்சின் துளையைப் போட்டாயிற்று. மெயின் காலுக்கான பட்டையை வளைக்கும் முன், இந்த முறை வளைவுக்கோட்டை இரு ஓரங்களிலிருந்தும் மூலைமட்டம் வைத்து ஊசியால் கீறி, இரண்டு கீறல்களும் ஒரே கோட்டில் சந்திக்கின்றனவா என்று மருமகனைக் கொண்டு சரிபார்த்த பிறகே உருளையை இறக்குவோம்.